ஆம்புலன்ஸில் பணியேற்பவருக்கு என்ன பரிசு தரலாம்?

நம் குடும்பங்களில் பிள்ளையோ பெண்ணோ முதன்முதலாக ஓர் உத்தியோகத்தில் சேரும்போது, ஏதாவது ஒரு பொருளை வாங்கிக் கொடுத்து ஆசீர்வதித்து அனுப்புவது நெடுநாளைய வழக்கம். தகப்பனார் கைக்கடிகாரம் வாங்கித் தருவார். தாய்மாமன் மோதிரம் போடுவார். அத்தை வீட்டிலிருந்து ஒரு நல்ல பேனாவோ சட்டைத் துணியோ வந்து சேரும். உத்தியோகம் என்றாலே மேஜையும் நாற்காலியும் மின்விசிறியும் என்று இருந்த காலத்தில் இந்தப் பரிசுகள் பொருத்தமாகவே இருந்தன. ஆனால், பயிற்சியை முடித்துக்கொண்டு 108 ஆம்புலன்ஸில் அவசரகால மருத்துவ உதவியாளராகப் பணியேற்கப் போகிற ஒருவருக்கு எதை வாங்கிக் கொடுப்பது என்று கேட்டால், அந்தப் பழைய வழக்கம் பாதி வழிதான் நமக்குத் துணை வரும். மீதி வழிக்கு, அந்த வேலையின் தன்மையைக் கொஞ்சம் அறிந்துகொண்டே யோசிக்க வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்த இலவச ஆம்புலன்ஸ் சேவை 2008-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கிற்று. வண்டிக்கு இரண்டு பேர். ஓட்டுகிறவரைப் பைலட் என்றும், பின்னால் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவரை இ.எம்.டி. என்றும் அவர்களுக்குள் அழைத்துக்கொள்கிறார்கள். நர்ஸிங் படித்தவர்கள், ஆய்வகப் படிப்போ மருந்தாளுநர் படிப்போ முடித்தவர்கள், விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல் முதலிய சாஸ்திரங்களில் பட்டம் பெற்றவர்கள் என்று பல திசைகளிலிருந்தும் வருகிற, 19 வயதுக்கு மேல் 30 வயதுக்குள் இருக்கிற இளைஞர்களும் யுவதிகளும், சுமார் 50 நாள் வகுப்பறையிலும் மருத்துவமனையிலும் ஆம்புலன்ஸிலுமாகப் பயிற்சி பெற்று இந்தப் பொறுப்பை ஏற்கிறார்கள். வேலை 12 மணி நேரம். பகலும் இரவும் மாறி மாறி வரும். அந்த 12 மணி நேரத்துக்குள் மாரடைப்பு, பாம்புக்கடி, பிரசவம், சாலை விபத்து, விஷம் குடித்தவர் என்று எது வந்தாலும், முதலில் போய்த் தொடுகிற கை இவருடைய கைதான்.

அந்த வண்டியின் பின்கதவைத் திறந்து பார்த்தால், ஆக்ஸிஜன் சிலிண்டர், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, விரல் நுனியில் மாட்டிப் பிராணவாயுவின் அளவைக் காட்டும் கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி, சளியை உறிஞ்சி எடுக்கும் இயந்திரம், எலும்பு முறிவுக்குக் கட்டும் பட்டைகள், கழுத்துப் பட்டி, முதுகெலும்பைத் தாங்கும் பலகை, பிரசவத்துக்கு வேண்டிய சாதனங்கள் என்று ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் வைக்கப்பட்டிருக்கும். அத்தனையும் நோயாளிக்காக. அவற்றைக் கையாளுகிற மனிதருக்கென்று இருப்பவை கையுறையும் முகக்கவசமும் போன்ற சில பொருள்களே. அவருடைய காலுக்கும், வயிற்றுக்கும், தூக்கத்துக்கும், ரத்தத்துக்கும் வேண்டிய பாதுகாப்பை அவர் தம் வீட்டிலிருந்துதான் கொண்டுபோக வேண்டும். பரிசு வாங்க நினைக்கிறவர்கள் இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். நோயாளிக்கான உபகரணங்களை அரசாங்கமும் நிர்வாகமும் பார்த்துக்கொள்ளட்டும். நாம் வாங்கிக் கொடுப்பது, அந்தப் பணியைச் செய்கிற உடம்பைக் காப்பாற்றுவதாக இருக்கட்டும் என்பதே என் அபிப்பிராயம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டென்றால் அது கைக்கடிகாரம். தகப்பனார்கள் காலங்காலமாக வாங்கிக் கொடுத்துவந்த அந்தப் பொருள், வேறு எந்த உத்தியோகத்தையும்விட இந்த உத்தியோகத்துக்கு அதிகப் பொருத்தமுடையது. ஆனால் எந்தக் கடிகாரமும் ஆகாது. ஓசூரில் செய்யப்படும் டைட்டன் கடிகாரங்களையே எடுத்துக்கொண்டாலும், கடைக் கண்ணாடிப் பெட்டியில் நம் கண்ணை முதலில் பறிப்பவை, தங்க முலாம் பூசி, எண்களே இல்லாத முகத்தில் இரண்டே முட்களுடன் மெல்லியதாகப் பளபளக்கிறவைதாம். கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போக அவை அழகாயிருக்கும். நாடி பார்க்கிறவருக்கு அவற்றால் எள்ளளவும் பிரயோஜனம் இல்லை. அவருக்கு வேண்டியது வினாடி முள். இங்கிலாந்திலே லிச்ஃபீல்டு என்ற ஊரில் வைத்தியம் செய்துவந்த சர் ஜான் ஃப்ளோயர், நாடியை விரலால் உணர்ந்து அனுமானிப்பது மட்டும் போதாது, எண்ணிச் சொல்ல வேண்டும் என்று கருதி, சரியாக ஒரு நிமிஷம் ஓடி நிற்கக்கூடிய ஒரு கடிகாரத்தைச் செய்வித்து, அதைப் பற்றி 1707-ஆம் ஆண்டு ஒரு நூலும் வெளியிட்டார். அன்றைக்கு அது ஒரு பெரிய புதுமை. இன்று நிமிஷத்துக்கு 60 முதல் 100 வரை நாடி துடிப்பதும், 12 முதல் 20 வரை மூச்சு ஓடுவதும் வளர்ந்தவருக்கு இயல்பு என்பது பயிற்சியின் முதல் வாரத்துப் பாடம்.

நள்ளிரவில் பிரசவ வேதனையோடு ஏற்றப்பட்ட ஒரு பெண்ணுக்கு, ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே குழந்தை பிறக்கும் சந்தர்ப்பத்தை எண்ணிப் பாருங்கள். பைலட் வண்டியைச் சாலையோரமாக நிறுத்துகிறார். பெண்ணின் மாமியார் ஒரு மூலையில் கைகூப்பியபடி உட்கார்ந்திருக்கிறார். குழந்தை வெளியே வந்த க்ஷணத்தில் மணியைப் பார்த்து மனத்தில் குறித்துக்கொண்டு, அதன் உடம்பைத் துடைத்து, தாயின் மார்பில் போட்டு, முதல் நிமிஷத்தின் முடிவில் ஒரு தரமும் ஐந்தாவது நிமிஷத்தின் முடிவில் ஒரு தரமும் அதன் நிறம், இருதயத் துடிப்பு, தொட்டால் முகம் சுளிப்பது, கைகால்களின் முறுக்கு, மூச்சு ஆகிய ஐந்தையும் கவனித்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட வேண்டும். வர்ஜீனியா ஆப்கார் என்ற அமெரிக்கப் பெண் மருத்துவர் 1952-இல் வகுத்த முறை இது. குழந்தையின் இருதயமோ நிமிஷத்துக்கு 120 முதல் 160 வரை துடிக்கும். வண்டிக்குள் மங்கலான வெளிச்சம். இரண்டு கையிலும் ஈரக் கையுறை. கைப்பேசியை எடுத்துப் பார்க்க இயலாது. அந்த நேரத்தில் மணிக்கட்டில் தெளிவான எண்களோடும், ஓடுகிற வினாடி முள்ளோடும், இருளில் ஒளிரும் முட்களோடும் ஒரு கடிகாரம் இருந்தால் அதன் மதிப்பு என்ன என்பதை விவரிக்க வேண்டியதில்லை. தோல் வார் ரத்தத்தையும் வியர்வையையும் உறிஞ்சிக்கொள்ளும். ஆகையால் சோப்புப் போட்டுக் கழுவக்கூடிய ரப்பர் அல்லது சிலிக்கோன் வாரும், தண்ணீர் புகாத உறையும் அவசியம். ஆஸ்பத்திரி நர்ஸுகள் சிலர் மார்பில் குத்திக்கொள்ளும் தொங்கு கடிகாரம் மணிக்கட்டைச் சுத்தமாக வைக்க உதவுவது உண்மைதான். ஆனால் குனிந்து நோயாளியைத் தூக்குகிற வேலையில் அது ஊசலாடி இடைஞ்சல் செய்யும்.

கடிகாரத்தைச் சொன்ன வாயாலேயே மோதிரத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். தாய்மாமன்கள் மனம் வருந்தக்கூடாது. மோதிரத்தின் விளிம்பு கையுறையைக் கிழிக்கும். அதன் அடியில் தங்குகிற அழுக்கைச் சோப்பும் எளிதில் எட்டாது. ஸ்ட்ரெச்சரின் இரும்புச் சட்டத்தில் மோதிரம் மாட்டிக்கொண்டால் விரலுக்கே ஆபத்து. பெண்களுக்கு வளையலும், ஆண்களுக்குக் கைச்சங்கிலியும் அப்படியே. தங்கம் போட்டே தீர வேண்டுமென்றால் அந்தப் பணத்தை வங்கியில் போட்டுவிடலாம்.

இனிக் காலுக்கு வருவோம். பரிசுப் பொருள் என்ற பெயருக்குச் செருப்பும் பூட்ஸும் நம் பக்கத்தில் அவ்வளவு மங்களகரமானவை அல்ல என்று நினைக்கிறவர்கள் உண்டு. அந்தத் தயக்கத்தை இந்த ஒரு விஷயத்தில் விட்டுவிடலாம் என்பேன். விபத்து நடந்த இடத்தில் சாலை முழுவதும் கண்ணாடித் தூள். கவிழ்ந்த மோட்டார் சைக்கிளிலிருந்து ஒழுகிய எண்ணெய். அதன்மேல் மழைத் தண்ணீர். அந்த வழுக்கலில் ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடக்கிறவருடைய கால் இடறினால், விழுவது அவர் ஒருவர் மட்டும் அல்ல. அடுக்குமாடி வீட்டில் லிஃப்ட் வேலை செய்யாத அன்று, மூன்று மாடி இறங்கி ஒரு நோயாளியைச் சுமந்து வர வேண்டும். இதயம் நின்றுபோனவருக்கு மார்பை அழுத்துகிறபோது, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல், தார்ச்சாலையில் முழங்காலிட்டு, கால்விரல்களை ஊன்றிக்கொண்டு அழுத்த வேண்டியிருக்கும். ஆகையால், கால் முழுவதையும் மூடுகிற, எண்ணெயில் வழுக்காத அடிப்பாகமுடைய, ஈரத்துணியால் துடைத்தால் சுத்தமாகிற, விரல் மடங்கும் இடத்தில் தானும் மடங்குகிற பூட்ஸ் வேண்டும். தொழிற்சாலைகளில் போடுகிற இரும்பு முனை வைத்த பூட்ஸைச் சிலர் சிபாரிசு செய்கிறார்கள். 12 மணி நேரம் ஏறி இறங்குகிற காலுக்கு அந்தக் கனம் அநாவசியம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் தோல் பூட்ஸ் செய்கிறவர்கள் நம்மிடையே இருக்கும்போது நல்லதைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதும் இல்லை. ஆனால் இதை ரகசியமாக வாங்கி ஆச்சரியப்படுத்த முயலாதீர்கள். காலுக்குரியவரையே அழைத்துக்கொண்டு, கால் சற்று வீங்கியிருக்கிற சாயங்கால வேளையில், அவர் போடப் போகிற அதே கனத்த காலுறையோடு போட்டு நடந்து பார்த்து வாங்குங்கள். கூடவே நாலைந்து ஜோடிப் பருத்திக் காலுறை. மழைக்காலத்தில் ஒரு ஜோடி பையிலேயே கிடக்கட்டும்.

சின்னப் பரிசாகக் கொடுக்க நினைக்கும் சிநேகிதர்களுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று, ட்ராமா ஷியர்ஸ் என்று மருத்துவ உபகரணக் கடைகளில் விற்கும் கத்தரிக்கோல். அதன் கீழ்ப்பக்கத்து அலகு நுனி தட்டையாகவும் மழுங்கலாகவும் இருப்பதால், துணிக்கும் தோலுக்கும் இடையே நுழைந்து, காயத்தைக் குத்தாமலே ஜீன்ஸ் துணியையும் ஹெல்மெட் வாரையும் சீட் பெல்ட்டையும் வெட்டிவிடும். இருட்டில் கீழே விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும்படி, ஆரஞ்சு அல்லது மஞ்சள் நிறப் பிடியாகப் பார்த்து வாங்கலாம். மற்றொன்று டார்ச். கண்மணி சுருங்குகிறதா என்று பார்ப்பதற்கு மிதமான வெளிச்சமுள்ள பேனா டார்ச் வேண்டும். கண்ணைக் கூசவைக்கும் பெரிய டார்ச் அதற்கு உதவாது. விளக்கில்லாத வயல்வெளியிலோ குடிசையிலோ வேலை செய்கிறபோது நெற்றியில் கட்டிக்கொள்ளும் டார்ச் இரண்டு கையையும் விடுவித்துக் கொடுக்கும்.

ஸ்டெதாஸ்கோப் வாங்கிக் கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் அதிகம். 1816-இல் பாரிஸ் நகரத்து வைத்தியர் லென்னக் ஒரு காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்ட நாள் முதல், வைத்தியத் தொழிலுக்கே அடையாளமாகிவிட்ட கருவி அது. கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றால் பெற்றோர் கண் குளிரும். ஆனால் வண்டியில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. மேலும், சைரன் ஒலியோடு மேடுபள்ளத்தில் ஓடுகிற வண்டிக்குள் எவ்வளவு விலையுயர்ந்த ஸ்டெதாஸ்கோப்பிலும் ரத்த அழுத்தத்தின் மெல்லிய ஒலி கேட்பது சிரமம். அனுபவமுள்ள இ.எம்.டி.க்கள் அந்தச் சமயத்தில் மணிக்கட்டு நாடியில் விரலை வைத்து, கைப்பட்டியின் காற்று இறங்கும்போது நாடி திரும்பத் தோன்றுகிற இடத்தைக் கொண்டே மேல் அழுத்தத்தை அறிகிறார்கள். பலர் காதில் மாட்டுகிற ஒன்றைத் தாமும் மாட்டிக்கொள்வதை விட, தமக்கென்று ஒன்று இருப்பது காதுக்கு நல்லது என்ற காரணத்துக்காக மட்டும், நடுத்தர விலையில் ஒன்றை வாங்கலாம். பெயர் பெற்ற கம்பெனிகளின் முத்திரையோடு போலிச் சரக்கும் உலவுவதால், நம்பகமான கடையில் ரசீதோடு வாங்க வேண்டும்.

வாங்கவே கூடாதவை என்றும் சில உண்டு. மருந்துகள் அடங்கிய சொந்தப் பெட்டி ஒன்றைத் தயாரித்துக் கொடுப்பது அன்பின் மிகுதியால் செய்யும் தவறு; கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் மருத்துவரின் ஆலோசனைப்படியும் வகுத்துக் கொடுத்த நெறிமுறைப்படியும் மட்டுமே இ.எம்.டி. மருந்து கொடுக்கலாம். அவருடைய சொந்த மோட்டார் சைக்கிளில் பொருத்தச் சுழல் விளக்கோ சைரனோ வாங்கித் தருவதும் சட்டத்துக்கு விரோதம். ஆறு முனை நீல நட்சத்திரமும் அதன் நடுவே கோலைச் சுற்றிய பாம்பும் உள்ள சின்னத்தைப் பதித்த கோப்பை, சாவிக்கொத்து, பதக்கம் முதலியவை எங்கும் விற்கின்றன. 1970-களில் அமெரிக்காவில் உருவாகி உலகம் முழுவதும் பரவிய அந்தச் சின்னத்துக்கு, விபத்தைக் கண்டறிவது முதல் ஆஸ்பத்திரியில் ஒப்படைப்பது வரையிலான ஆறு கட்டங்கள் என்ற உயர்ந்த அர்த்தம் உண்டு. அந்த அர்த்தத்தை அவர் தினமும் செய்து காட்டப் போகிறார். கோப்பை அலமாரியில்தான் இருக்கும்.

அன்றாடம் கண்ணுக்குத் தெரியாமல் உபகாரம் செய்கிற பொருள்களைத் தாய்மார்களே நன்றாக அறிவார்கள். சாப்பிட உட்காரும்போது கேஸ் வந்துவிடும். திறந்த சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு ஓட வேண்டும். ஆகவே நாலடுக்கு டிபன் கேரியரும் குழம்பும் ரசமும் இந்த வேலைக்கு ஒத்துவரா. இறுக மூடுகிற, ஒழுகாத, தட்டையான ஒரே ஒரு எவர்சில்வர் டப்பா. அதற்குள் பொடி தடவிய இட்லியோ புளியோதரையோ, நேரம் தாழ்ந்தாலும் கெடாத ஏதாவது ஒன்று. கையால் தொடாமல் சாப்பிடுவதற்கு ஒரு ஸ்பூன். சித்திரை வெயிலில் குளிர்ச்சி போகாத ஒரு லிட்டர் ஃபிளாஸ்க். சீருடையை வீட்டிலுள்ள மற்றத் துணிகளோடு கலக்காமல் கொண்டுவர, கழுவக்கூடிய ஒரு தனிப் பை. துவைக்க ஒரு தனி வாளி. இரவுப் பணி முடித்துவந்து பகலில் தூங்குவதற்கு, வெளிச்சம் புகாத கனத்த திரைச்சீலை. இந்தத் திரைச்சீலையை வாங்கிக் கொடுக்கிறவர், அது தொங்குகிற வீட்டில் பகல் பதினொரு மணிக்கு அழைப்பு மணி அடிக்காமலும் இருக்க வேண்டும். உறவினர்கள் செய்யக்கூடிய பெரிய உபகாரம் அது.

விலை கொடுத்து வாங்க முடியாத ஒன்றையும் குறிப்பிட வேண்டும். வேலையிலிருந்து வந்தவுடன், “இன்றைக்கு எத்தனை கேஸ்? யாராவது போய்விட்டார்களா?” என்று ஆவலோடு கேட்பது நம்மில் பலருக்குச் சகஜம். கதை கேட்கிற அந்த ஆசை நமக்குச் சிறியதாகத் தோன்றலாம். ஒரு குழந்தையைக் காப்பாற்ற முடியாமல் திரும்பியவருக்கு அது பெரும் பாரம். நோயாளிகளின் விஷயத்தை வெளியே சொல்வதும் அவருக்கு நியாயமில்லை. அவராகச் சொன்னால் குறுக்கே பேசாமல் கேட்பதும், சொல்லாவிட்டால் காபி போட்டுக் கொடுத்துவிட்டு விலகி நிற்பதும், நாள் கணக்கில் தூக்கமில்லாமலோ பேச்சில்லாமலோ இருந்தால் தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போவதும் குடும்பத்தார் செய்ய வேண்டியவை.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பரிசு இருக்கிறது. அதை ஒருவரும் வண்ணக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பதில்லை என்பதாலேயே நாம் அதை நினைப்பதில்லை. ஓடுகிற வண்டியில் ஊசியைக் கையாளுகிறவருக்கு, எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும், ஒருநாள் அது தம் விரலிலேயே குத்திவிடக்கூடும். அந்த ஊசியில் ஹெப்படைட்டிஸ் பி கிருமியுள்ள ரத்தம் இருந்து, குத்துப்பட்டவர் தடுப்பூசி போடாதவராகவும் இருந்தால், அவருக்கு அந்த நோய் தொற்றுவதற்கான வாய்ப்பு 100-க்கு 6 முதல் 30 வரை. எச்.ஐ.வி. விஷயத்தில் அது 1000-க்கு 3 என்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தால், நாம் அஞ்சுகிற நோயைவிட அஞ்சாத நோய் எத்தனை மடங்கு நெருங்கி நிற்கிறது என்பது விளங்கும். கல்லீரலைப் பற்றிக்கொள்கிற அந்தக் கிருமி, சிலரிடம் ஆயுள் முழுவதும் தங்கி, கல்லீரல் சுருக்கத்துக்கும் புற்றுநோய்க்கும் காரணமாகிறது. இத்தனைக்கும், அதைத் தடுக்கும் ஊசி நல்ல ஆரோக்கியமுள்ள இளைஞர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் பாதுகாப்புத் தருகிறது. குழந்தைகளுக்கான தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இந்த ஊசி நாடு முழுவதற்கும் 2011-ஆம் ஆண்டளவில்தான் வந்து சேர்ந்தது. ஆகையால் இப்போது இருபது வயதைக் கடந்து வேலைக்கு வருகிறவர்களில் பலர் சிறு வயதில் அதைப் போட்டுக்கொள்ளாதவர்களாகவே இருப்பார்கள்.

முதல் ஊசி போட்ட ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. அதற்கு ஒன்று அல்லது இரண்டு மாதம் கழித்து ஒரு ரத்தப் பரிசோதனை செய்து, பாதுகாப்பு 10 யூனிட்டுக்குக் குறையாமல் உண்டாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பலர் முதல் இரண்டைப் போட்டுக்கொண்டு மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள். பரிசோதனையோ பெரும்பாலோருக்கு ஞாபகத்திலேயே இருப்பதில்லை. பயிற்சிக் காலத்திலேயே ஊசி போட்டிருந்தால் நல்லது. அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து ஆண்டு ஆகியிருந்தால் அதையும் அதே கையோடு போட்டுவிடலாம். உங்கள் வீட்டில் ஒருவர் இந்தப் பணிக்குப் போகிறார் என்றால், கடைக்குக் கிளம்புவதற்கு முன் அவருடைய தடுப்பூசி அட்டையை வாங்கிப் பாருங்கள். மூன்று தவணையும் அதில் எழுதப்பட்டிருக்காவிட்டால், முதல் தவணையை இந்த வாரமே போடச் செய்து, மற்ற இரண்டுக்கும் பரிசோதனைக்கும் உரிய தேதிகளை உங்கள் வீட்டு நாட்காட்டியில் நீங்களே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.